தேக்கடிச் சுரங்கத்தின் அந்தப் பக்கம்

தேக்கடியில் படகு ஏறுகிறவர்கள் யானை தெரிகிறதா, காட்டெருமை தெரிகிறதா என்று கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணெதிரே, தண்ணீருக்கு நடுவில், கறுத்துப்போன மரக்கட்டைகள் ஆங்காங்கே நின்றுகொண்டிருக்கும். நீர்க்காகம் ஒன்று அதன் உச்சியில் இறகை விரித்து வெயில் காயும். 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிந்து நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. பட்டுப்போய் நூற்று முப்பது ஆண்டுகள் ஆகியும் விழாமல் நிற்கின்றன.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஏரி கிடையாது, காட்டுப் பள்ளத்தாக்குதான். பெரியாறு அதன் வழியே ஓடி, அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மலைமுகட்டுக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் காய்ந்து கிடந்தது. அணை கட்டப்படாமல் போயிருந்தால் அந்த மரங்கள் தம் ஆயுளை வாழ்ந்து முடித்திருக்கும். கம்பமும் சின்னமனூரும் உத்தமபாளையமும் இன்று இருப்பதுபோல இருந்திருக்காது.

நடந்தது ஒன்று, நடக்காமல் போனது மற்றொன்று. அந்த நடக்காமல் போன உலகமும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்றும், நம் ஊர் ஆள் ஒருவன் வழி தவறி அதற்குள் நுழைந்துவிடுகிறான் என்றும் வைத்துக்கொண்டால், அதுதான் இணை உலக மர்மநாவல். மேல்நாட்டில் இதற்குத் தனி வாசகர் கூட்டமே இருக்கிறது. தமிழில் இந்த வகை இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் வைகை பாயும் இந்த நிலத்தில் கொட்டிக் கிடக்கிறது.

குண்டு காதை உரசிப் போன உலகம்

இந்தியாவில் இந்த வகைக் கதைக்குச் சிறந்த எடுத்துக்காட்டைக் கொடுத்தவர் ஒரு விஞ்ஞானி. புனேயில் ஐயூகா என்ற வானியல் மையத்தை உருவாக்கிய ஜெயந்த் நார்லீகர், மராத்தியில் அறிவியல் புனைகதைகளும் எழுதினார். 2025 மே 20 அன்று காலமானார். பேராசிரியர் கங்காதர்பந்த் கைதொண்டே என்ற வரலாற்று ஆசிரியரை நாயகனாக வைத்து அவர் எழுதிய கதையின் ஆங்கில வடிவத்தை மத்தியப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்த மாணவர்கள் அறிவார்கள்.

கைதொண்டே புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். இறங்கிப் பார்த்தால் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இன்னும் இருக்கிறது. கடைவீதியில் வேறு கடைகள். மகன் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கேட்கிறார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வருகிறது. கதையில் யாரும் கத்தி எடுக்கவில்லை, யாரும் துரத்தவில்லை. ஆனாலும் அந்த ஒரு பதிலில் வாசகருக்கு வயிற்றைப் பிசைந்துவிடுகிறது.

அவர் வரலாற்று ஆசிரியர் அல்லவா? நேரே நூலகத்துக்குப் போகிறார். தாமே எழுதியதாகச் சொல்லப்படும் வரலாற்று நூலின் தொகுதிகளை எடுத்து, எந்த இடத்தில் வரலாறு வழி மாறியது என்று தேடுகிறார். 1761 ஜனவரி 14, மூன்றாம் பானிபட் போர். நாம் அறிந்த வரலாற்றில் அன்று மராத்திய பேஷ்வாவின் மகன் விசுவாசராவ் குண்டடிபட்டு இறந்தார், மராத்தியப் படை நிலைகுலைந்து தோற்றது. அந்த நூலிலோ குண்டு அவர் காதை உரசிக்கொண்டு போய்விடுகிறது, மராத்தியர் வெல்கிறார்கள். இரண்டு இந்தியாக்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு விரற்கடை.

கைதொண்டே கடைசியில் தம் உலகத்துக்குத் திரும்பிவிடுகிறார். கண்டதெல்லாம் கனவு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த உலகத்து நூல் ஒன்றிலிருந்து கிழிந்த ஒற்றைத் தாள் அவர் பையில் இருக்கிறது.

இந்தச் சிறுகதையைப் பிரித்துப் பார்த்தால் இணை உலகக் கதையின் எலும்புக்கூடு தெரியும். வரலாறு கிளை பிரிந்த ஒரு நொடி வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வாசல் வேண்டும். போய் வந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும். மூன்றில் எது பிசகினாலும் கதை வெறும் மாயாஜாலமாகிவிடும்.

பேருந்தைப் பிடித்தவனும் விட்டவனும்

தமிழ் ரசிகர்களுக்கு இந்தக் கிளை பிரியும் விளையாட்டு புதிதல்ல. 2001-இல் ஜீவா இயக்கத்தில் ஷாம், சிம்ரன், ஜோதிகா நடித்து வந்த '12பி' படத்தை நினைத்துப் பார்த்தால் போதும். நாயகன் ஓடிவந்து பேருந்தைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொரு வாழ்க்கை. இரண்டையும் படம் மாறிமாறிக் காட்டியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் வந்த 'ஸ்லைடிங் டோர்ஸ்' படத்தில் லண்டன் சுரங்க ரயில் இதே வேலையைச் செய்தது.

ஆனால் '12பி' படத்தில் இரண்டு வாழ்க்கையையும் பார்ப்பவர் ரசிகர் மட்டுமே. நாயகனுக்குத் தன் மற்றொரு பாதியைப் பற்றித் தெரியாது. அவனுக்குத் தெரிந்துவிட்டால்? அவனே மறுபக்கம் போய் அந்த இன்னொருவனின் வீட்டுக் கதவைத் தட்டினால்? அந்த இடத்தில்தான் கதை மர்மநாவலாக மாறுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் பிளேக் கிரவுச் 2016-இல் எழுதிய 'டார்க் மேட்டர்' நாவல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. சிகாகோவில் மனைவி, மகனோடு அமைதியாக வாழும் இயற்பியல் ஆசிரியர் ஜேசனை முகமூடி அணிந்த ஒருவன் கடத்துகிறான். கண் விழிக்கும்போது அவருக்கு அந்த மனைவி மனைவியல்ல, அந்த மகன் பிறக்கவே இல்லை. தன்னைக் கடத்தியவன் யார் என்று பிறகு தெரிகிறது. குடும்பத்தை விட்டு ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்த இன்னொரு ஜேசன்தான் அவன். அந்த வாழ்க்கையில் பெயரும் புகழும் கிடைத்தும் மனம் நிறையாமல், இந்த ஜேசனின் வீட்டைத் திருட வந்திருக்கிறான். வீடு திரும்பப் போராடும் நாயகனுக்கு எதிரி அவனேதான்.

பிலிப் கே. டிக் 1962-இல் எழுதிய 'த மேன் இன் த ஹை காஸில்' நாவலில் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றுவிட்டன. அந்த உலகத்தில் தடைசெய்யப்பட்ட ஒரு புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. அந்தப் புத்தகத்துக்குள் நேச நாடுகள் வென்றிருக்கின்றன. அங்கே வாசலும் சாட்சியும் அந்தப் புத்தகமேதான்.

இயற்பியல் எதுவரை கூட வரும்?

இணை உலகம் முழுக்கக் கற்பனையா? பாதி வழி வரைக்கும் இயற்பியல் கூட வருகிறது.

1957-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹியூ எவரெட் என்ற இளைஞர் முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். அணுவுக்குள் இருக்கும் துகள்கள் விசித்திரமானவை. அளந்து பார்க்கும்வரை ஒரு துகள் பல நிலைகளில் ஒன்றாக இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. அளந்தால் ஒன்றுதான் கிடைக்கிறது. மற்றவை எங்கே போயின? அளக்கும் கணத்தில் அவை அழிந்துவிடுகின்றன என்று பெரும்பாலோர் சொல்லிவந்தார்கள். எவரெட், எதுவும் அழிவதில்லை என்றார். எல்லா முடிவுகளும் நடக்கின்றன. பார்ப்பவரும் கிளை பிரிகிறார். ஒவ்வொரு கிளையில் இருப்பவரும் தமக்குக் கிடைத்ததே ஒரே முடிவு என்று நினைத்துக்கொள்கிறார்.

அவர் பேச்சை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எவரெட் பல்கலைக்கழகத்தை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வேலைக்குப் போய்விட்டார். 1970-இல் பிரைஸ் டிவிட் என்ற இயற்பியலாளர் எழுதிய ஒரு கட்டுரைதான் 'பல உலகங்கள்' என்ற பெயரோடு இதைப் பரவலாக்கியது. இன்று இயற்பியலாளர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கிறார்கள், ஒரு பகுதியினர் மறுக்கிறார்கள்.

ஏற்பவர்களும் ஒன்றில் உறுதியாக இருக்கிறார்கள். பிரிந்த கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போக வழி கிடையாது. குடம் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விழுந்து கலந்தபிறகு அதைத் திரும்ப ஒரு சொட்டாக்கி எடுக்க முடியுமா? துகளின் நிலை சுற்றியுள்ள கோடானுகோடி அணுக்களோடு கலந்தபிறகு கிளைகள் மறுபடி சந்திப்பதும் அப்படித்தான். 1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய பாலம் வாசலாக உதவுமா? வெளியின் இரண்டு பகுதிகளை இணைக்கும் குகைபோன்ற அந்த அமைப்பை 1962-இல் வீலரும் ஃபுல்லரும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒளி கடந்து போவதற்குள் அது இறுகி மூடிக்கொள்ளும் என்று தெரிந்தது.

ஆகவே வாசலைக் கட்டுவது நாவலாசிரியரின் வேலை. அதை எங்கே கட்டுவது என்பதில்தான் அவர் திறமை இருக்கிறது.

கிளை பிரிந்த ஆண்டுகள்

தேனி மாவட்டத்துக்காரரிடம் அந்த வாசலுக்கான இடத்தைக் காட்டச் சொன்னால், குமுளி மலையைத்தான் காட்டுவார்.

மேற்கே பாயும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம், அணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுவிக்குக்கு முந்தியது. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதற்கு முயன்றார். செலவு தாங்காது என்று கைவிட வேண்டியதாயிற்று. 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கிலப் பொறியாளர் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850-இல் ஓர் ஓடையில் சிறிய அணை தொடங்கப்பட்டது. காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கூலியாட்கள் தங்க மறுக்க, வேலை நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் வரைந்தார். பத்தாண்டு கழித்து, 1876 முதல் 1878 வரை, தாதுவருடப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தையே சூறையாடியது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கப்பலேறி இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் எத்தனையோ பேர்.

1882-இல் திட்டம் ஜான் பென்னிகுவிக் கைக்கு வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1887-இல் வேலை தொடங்கியது. கட்டிய தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலில் ஆட்கள் மடிந்தார்கள். சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் சேர்த்து 176 அடி உயரத்துக்கு அணை எழும்பி, 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார்.

ஒரு நாவலாசிரியர் இந்தத் தேதிகளைப் படித்தால் கை பரபரக்கும். ஒவ்வொரு ஆண்டும் ஒரு கிளை. முத்திருளப்ப பிள்ளையிடம் பணம் இருந்திருந்தால்? 1808 அறிக்கை வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால்? ரைவ்ஸின் திட்டம் உடனே ஏற்கப்பட்டு, பஞ்சத்துக்கு முன்னாலேயே தண்ணீர் வந்திருந்தால்? கப்பலேறிப் போன குடும்பங்கள் போகாமலே இருந்திருக்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. பானிபட்டில் குண்டு ஒரு விரற்கடை தள்ளிப் போனதைப் போல, இங்கே ஒரு கையெழுத்து பத்தாண்டு தள்ளிப் போயிருக்கிறது.

எதிர்க்கிளையையும் எழுத வேண்டும். அணையே கட்டப்படாத உலகத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இல்லை. லோயர் கேம்ப்பில் மின்நிலையம் இல்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை கண்மாய்களின் கதை வேறு. அதே சமயம் தேக்கடி ஏரியும் இல்லை, படகும் இல்லை. அணையின் பெயரால் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நீளும் வழக்குகள் இல்லை. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2014-இல் மறுபடி 142 அடிக்கு உயர்ந்த நீர்மட்டம் பற்றிய தலைப்புச் செய்திகளும், அணைக்குக் கீழே இடுக்கி மாவட்டத்தில் வாழ்பவர்களின் அச்சமும் இல்லை. நல்ல இணை உலக நாவல் ஒன்றைச் சொர்க்கமாகவும் மற்றதை நரகமாகவும் காட்டாது.

வாசல்

ஏரியின் நீர் தேக்கடித் தலைமதகுக்கு வந்து, மலைமுகட்டைக் குடைந்த சுரங்கத்துக்குள் இறங்குகிறது. ஒரு மைலுக்கும் மேல் இருட்டு. அந்தப் பக்கம் வெளியே வரும்போது அது வேறொரு ஆற்றின் நீர். போர்பே அணையிலிருந்து ராட்சதக் குழாய்களில் விழுந்து லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. மின்நிலையத்துக்கு அனுப்பாத நீர் இரைச்சல் பாலம் வழியே மலையில் கொட்டுகிறது. பிறகு சுருளியாற்றோடு கூடி வைகையில் சேர்கிறது. அரபிக்கடலுக்குப் போகவேண்டிய துளி, வங்கக்கடல் பக்கம் திரும்பிவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸில் 2017 முதல் 2020 வரை வந்த 'டார்க்' என்ற ஜெர்மன் தொடருக்குக் காலம் தாண்டிப் போகக் கற்பனையாக ஒரு குகை தேவைப்பட்டது. இங்கே அந்தக் குகை நீர்வளத் துறையின் கணக்கிலேயே இருக்கிறது.

இந்த மலையில் அதைவிடப் பழைய வாசல் ஒன்றும் உண்டு. சிலப்பதிகாரக் கதைப்படி, மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தாள். இரவா பகலா என்று பாராமல் நடந்து மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள். பதினான்காம் நாள் வானூர்தி வந்தது. மதுரையில் வெட்டுண்டு இறந்த கோவலன் அதில் உயிரோடு இருந்தான். அவனோடு அவள் வேறு உலகம் போனதை மலைவாழ் குறவர்கள் கண்ணால் கண்டு, சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னார்கள். கிளை பிரிந்த நொடி, வாசல், சாட்சி எல்லாம் இளங்கோவடிகளிடமே இருக்கின்றன. கணவன் கொல்லப்படாத ஓர் உலகத்துக்குள் அவள் நடந்துபோய்விட்டாள் என்றும் அதைப் படிக்கலாம்.

அந்த இடம் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள மங்கலதேவிக் கோட்டம்தான் என்று 1960-களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் எடுத்துச்சொன்னார். இன்று அது பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், பக்தர்களுக்கு அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள், பளியன்குடியிலிருந்து மலைப்பாதையில் நடந்து வருகிறார்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இதைவிட நல்ல கெடுவை எந்த மர்மநாவலாசிரியர் கற்பனை செய்துவிட முடியும்?

மறுபக்கத்து நகலைச் சந்திப்பதும் நமக்குப் பழைய கதைதான். வீரை ஆளவந்தார் தமிழில் பாடிய ஞானவாசிட்டத்தில் லீலை என்ற அரசி வருகிறாள். அவள் கணவன் பத்மன் இறக்கிறான். சரசுவதியின் அருளால் அவள் பார்க்கும்போது, அதே அறைக்குள் இன்னோர் உலகம் விரிகிறது. அங்கே அவன் விதூரதன் என்ற பெயரில் அரசாள்கிறான். அவன் பக்கத்தில் இன்னொரு லீலை அமர்ந்திருக்கிறாள். கடைசியில் அவன் உயிர்பெற்று எழும்போது இரண்டு லீலைகளும் ஒரே அரண்மனையில் இருக்கிறார்கள்.

தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர்

மலையை விட்டு இறங்கி ஆண்டிபட்டிப் பக்கம் வந்தால் வைகை அணை. 1959 ஜனவரி 21 அன்று காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. அணையின் உயரம் 111 அடி, நீர் நிறுத்துவது 71 அடிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகள் சறுக்குமரத்தில் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் மதகைப் பார்த்து நிற்கிறார்கள்.

அவர்கள் பார்க்கும் நீர்ப்பரப்புக்கு அடியிலும் ஓர் உலகம் இருந்தது. அணைக்காக ஊர்களைக் காலி செய்யச் சொன்னபோது அங்கிருந்து எழுந்து போன குடும்பங்களில் ஒன்று கவிஞர் வைரமுத்துவின் குடும்பம். சிறுபிள்ளையாக இருந்த அவர் மெட்டூரிலிருந்து வடுகபட்டிக்கு வந்தார். பின்னாளில் அந்த நினைவிலிருந்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலை எழுதினார். அது ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பேயத்தேவர் என்ற கிழவர் ஒரு துண்டு மண்ணுக்காகப் படும் பாட்டைச் சொல்லும் நாவல் அது. அறிவியல் புனைகதைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் அதைப் படித்துவிட்டு அணைக்கரையில் நிற்பவருக்கு இரண்டு ஊர்கள் தெரியும். நீர்ப்பரப்பு ஒன்று. மூழ்காமல் இருந்திருந்தால் இந்நேரம் பள்ளிக்கூட மணி அடித்து, டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் ஊர் மற்றொன்று.

இந்த அணைக்குள்ளேயே மர்மநாவலின் தாளமும் இருக்கிறது. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடிக்கு வந்தால் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. படிப்படியாக ஏறும் பயத்தை வாசகருக்கு எப்படி ஊட்டுவது என்று தேடும் எழுத்தாளருக்கு, அத்தியாயப் பிரிவே கையில் கிடைத்துவிடுகிறது.

கட்டப்படாத சுரங்கம்

தேனியில் இன்னொரு கிளை நம் கண்ணெதிரேயே பிரிந்தது. பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் திட்டமிட்டார்கள். 50,000 டன் இரும்பால் ஆன உணர்கருவி உள்ளே வரும் என்றார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

நியூட்ரினோ விசித்திரமான துகள். நொடிதோறும் கோடிக்கணக்கில் நம் உடம்பைத் துளைத்துப் போகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. மூன்று வகை உண்டு. போகிற வழியில் ஒரு வகை இன்னொரு வகையாக மாறிவிடும். இதைக் காட்டிய கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் பிடித்த பெருமை இந்தியாவுக்கு உண்டு.

பொட்டிப்புரம் மக்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் மலை என்னாகும், நிலத்தடி நீர் என்னாகும், பக்கத்து அணைகள் என்னாகும் என்று கேட்டார்கள். பாதிப்பு வராது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். போராட்டம், நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று ஆண்டுகள் ஓடின. மதிகெட்டான் சோலையையும் பெரியார் காட்டையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் அது என்று சொல்லி, 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. சுரங்கம் கட்டப்படவில்லை.

மலைக்குள் சுரங்கம் என்றதும் இணை உலகக் கதைகள் தாமாகக் கிளம்பிவிடுகின்றன. அண்டார்டிகாவில் நியூட்ரினோவைத் தேடிய பலூன் கருவி ஒன்று பதிவுசெய்த விளங்காத சமிக்ஞைகளை வைத்து, இணைப் பிரபஞ்சம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று 2020-இல் உலகம் முழுக்கச் செய்தி பரவியது. அந்தக் கருவியை இயக்கிய விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லவே இல்லை. நம் உலகத்தைப் போலவே ஒரு 'கண்ணாடி உலகம்' இருந்து, நியூட்ரான்கள் அங்கே நழுவிப்போய்த் திரும்புகின்றனவா என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் சோதித்தும் பார்த்தார்கள். தடயம் கிடைக்கவில்லை. கேள்வியைக் கருவி வைத்துக் கேட்டுப் பார்த்து, இல்லை என்ற பதிலையும் அப்படியே எழுதிவைப்பதுதான் அறிவியலின் அழகு.

எழுதப்படாத நாவல்

இத்தனையும் கையில் இருக்கும் ஒருவர் தேனியை வைத்து இணை உலக மர்மநாவல் எழுத உட்கார்ந்தால், முதலில் இயந்திரத்தை மறந்துவிட வேண்டும். மின்னும் கருவியால் வாசகர் பயப்படுவதில்லை. தெரிந்த இடத்தில் சின்னதாக ஒன்று மாறியிருந்தால்தான் பயப்படுவார். கைதொண்டேயின் மகன் பெயர் அலுவலகத்தில் இல்லாமல் போனதைப்போல.

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்தில் போகிறவன் தூங்கி விழித்துப் பார்க்கிறான். உத்தமபாளையம் தாண்டியும் பச்சையைக் காணோம். சாலையோரம் திராட்சைப் பந்தல் இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையைப் பற்றிக் கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர், "அப்படி ஒரு பழமாண்ணே?" என்கிறார். பொங்கலுக்கு மாலை போட்டு வைக்கும் பென்னிகுவிக் படம் டீக்கடைச் சுவரில் இல்லை. அந்தப் பெயரே யாருக்கும் தெரியவில்லை. தன் ஊருக்குப் போய்த் தாத்தா பெயரைச் சொல்லி விசாரிக்கிறான். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னாலேயே இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதே என்கிறார்கள். இதுவரை ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

பிறகு அவன் திரும்பி வர வழி தேடுகிறான். அந்த உலகத்தில் சுரங்கமே இல்லை. ஆனால் மலைமேல் கோட்டம் இருக்கிறது, சித்திரா பௌர்ணமி வருகிறது. அவன் வருவதற்கு முன்பே இந்த உலகத்தில் அவன் வீட்டுத் திண்ணையில் இன்னொருவன் வந்து உட்கார்ந்துவிட்டால்? தண்ணீரையே காணாத நிலத்திலிருந்து வந்தவன், வாய்க்கால் ஓடும் ஊரை விட்டுப் போக ஒப்புவானா? அவனைத் திருடன் என்று சொல்லவும் வாசகருக்கு மனம் வராது. அந்தத் தவிப்பை எழுதிவிட்டால் நாவல் நின்றுவிடும்.

மழை நன்றாக இருந்து அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் தேதி, கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு நீர் திறக்கிறார்கள். கேரள மண்ணில் இருக்கும் தேக்கடித் தலைமதகில் தமிழ்நாட்டு அதிகாரிகளும் விவசாயிகளும் கூடுகிறார்கள். ஷட்டர் உயர்கிறது. எல்லோரும் பூத் தூவுகிறார்கள். செவ்வந்தியும் ரோஜாவும் நீரில் சுழன்று, சுரங்கத்தின் இருட்டுக்குள் போய் மறைகின்றன.